ஸ்பான்சர் விலைக்குக் கிடைப்பதில்லை: கஃபீல், விசா, பி.ஆர். பற்றிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை



சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, ஜும்ஆ முடிந்து டிரஸ்ட் அலுவலகத்தைத் திறக்க வந்தபோது ஒரு தாய் வாசலில் காத்திருந்தார்கள். துணிப்பையிலிருந்து நான்கு நகை அடகு ரசீதுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

"பாய், பையனுக்குக் கனடா கம்பெனி ஒண்ணு ஸ்பான்சர் கொடுக்குதாம். ரெண்டு வருஷத்துல பி.ஆர். ஆகிடுமாம். அப்புறம் எங்களையும் கூட்டிக்கலாமாம். மொத்தம் எட்டு லட்சம் கேட்கிறாங்க. ஒன்றரை லட்சம் கட்டியாச்சு. மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்கள்.

ஏஜெண்டு கொடுத்திருந்த கடிதத்தை வாங்கிப் படித்தேன். என்ன வேலை என்று அதில் இல்லை. சம்பளம் எவ்வளவு என்று இல்லை. கம்பெனியின் முகவரி இல்லை. ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் தெளிவாக இருந்தது: ஸ்பான்சர் கட்டணம் எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

ரிஷிவந்தியம் சுற்று வட்டாரத்தில் இப்படிப்பட்ட கடிதம் ஏதோ ஒரு வடிவில் வந்து சேராத தெரு குறைவு. முன்பு சவூதி, துபாய் விசா என்று வந்தது. இப்போது கனடா பி.ஆர்., ஆஸ்திரேலியா பி.ஆர். என்று வருகிறது. ஆகவே இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம். ஸ்பான்சர் என்றால் யார்? அவர் எதைச் சுமக்க வேண்டும்? நாம் எதைச் சுமக்க வேண்டும்? பி.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி எங்கே உண்டு, எங்கே இல்லை?

கஃபாலா: மார்க்கம் சொல்லும் பொருள்

வளைகுடாவில் ஸ்பான்சரைக் 'கஃபீல்' என்கிறார்கள். இது நமக்குப் புதிய சொல் அல்ல. மதரஸாவில் குதூரியும் ஹிதாயாவும் ஓதியவர்களுக்கு 'கிதாபுல் கஃபாலா' என்ற பாடம் நினைவிருக்கும். ஒருவர் மீதுள்ள கடனையோ கடமையையோ இன்னொருவர் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதற்குத்தான் கஃபாலா என்று பெயர். அப்படி ஏற்றுக்கொள்பவர் கஃபீல்.

குர்ஆனில் ஆல இம்ரான் அத்தியாயத்தில், சிறுமியாக இருந்த மர்யம் (அலை) அவர்களின் பொறுப்பை ஸகரிய்யா (அலை) ஏற்றதைக் குறிக்க இதே வேர்ச்சொல் வருகிறது. அந்தக் குழந்தையின் உணவும் பாதுகாப்பும் பொறுப்பேற்றவர் மீது வந்தன. ஆக, கஃபீல் என்பவர் சுமப்பவர். பிறர் தலையில் சுமையை ஏற்றுபவர் அல்ல.

இன்னொரு சட்டமும் உண்டு. கஃபாலா என்பது உதவியாகச் செய்யும் காரியம். பொறுப்பேற்றேன் என்பதற்காக மட்டும் கூலி வாங்குவது கூடாது என்பதே பெரும்பான்மையான ஃபுகஹாக்களின் நிலை. ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் வங்கி உத்தரவாதக் கடிதங்களைப் பற்றி முடிவு செய்தபோதும் இதையே சொன்னது. அலுவலகச் செலவு உண்மையில் ஆனால் அதை வாங்கலாம். பொறுப்பேற்றதற்கு விலை வாங்கக் கூடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று பல நாடுகளின் தொழிலாளர் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. முதலாளி ஒருவர் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஸ்பான்சராக இருப்பதற்கு ஆகும் செலவு முதலாளியுடையது; அதைத் தொழிலாளியிடம் விற்கக் கூடாது என்பதே அந்தச் சட்டங்களின் சாரம்.

வளைகுடா: விசா உண்டு, பி.ஆர். இல்லை

சவூதியில் இகாமா என்பது குறிப்பிட்ட காலத்துக்கான தங்கும் அனுமதி. வேலை இருக்கும் வரை கம்பெனி அதைப் புதுப்பிக்கும். இருபது ஆண்டு உழைத்தாலும் இகாமா தானாக நிரந்தர அனுமதியாக மாறிவிடாது. மற்ற வளைகுடா நாடுகளின் வேலை விசாவும் இப்படித்தான்.

அங்கே நீண்ட கால அனுமதிகளே இல்லையா என்று கேட்டால், உண்டு. சவூதி 2019-இல் 'பிரீமியம்' குடியிருப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் நிரந்தர அனுமதிக்குக் கட்டணம் 8 லட்சம் ரியால். கத்தார் 2018-இல் இயற்றிய சட்டப்படி ஆண்டுக்கு 100 பேருக்கு நிரந்தர அனுமதி தரலாம். வெளிநாட்டில் பிறந்தவர் அங்கே 20 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அமீரகத்தின் கோல்டன் விசா முதலீட்டாளர்களுக்கும் உயர்ந்த தகுதி உடையவர்களுக்கும் உரியது. இவற்றில் எதுவும் கட்டட வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ போகும் நம் பிள்ளைகளுக்குக் கஃபீல் வாங்கித் தருவது அல்ல. அப்படி ஒருவர் சொன்னால் அவர் அறியாதவர், அல்லது நம்மை அறியாதவர் என்று நினைப்பவர்.

ஆனால் வளைகுடாச் சட்டத்தில் தொழிலாளிக்குச் சாதகமான பகுதி ஒன்று உண்டு. நம்மவர்களில் பலர் அதை அறிவதில்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, ஆளை வரவழைக்கும் கட்டணம், இகாமா கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், அவற்றைப் புதுப்பிக்கும் செலவு, தாமதத்தால் வரும் அபராதம் எல்லாம் முதலாளியைச் சேர்ந்தவை என்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பும் டிக்கெட்டும் அவர் பொறுப்பே. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதைத் தடுக்கிறது.

வேலை மாறுவதிலும் பழைய இறுக்கம் தளர்ந்திருக்கிறது. கத்தார் 2020-இல், பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமலே வேலை மாற வழி செய்தது. சவூதியில் 2021 மார்ச் 14 முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கஃபீலின் சம்மதமின்றியே வேறு கம்பெனிக்கு மாறும் முறை தொடங்கியது. வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு டிரைவர்கள் இந்தச் சவூதி மாற்றத்தில் சேர்க்கப்படவில்லை. ஹவுஸ் டிரைவர் விசாவில் போகும் பிள்ளைகள் புறப்படும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்: அட்டையைப் பார்த்துப் பேசுங்கள்

சிங்கப்பூரில் எல்லா வேலை அனுமதியும் ஒன்றல்ல. கட்டடம், கப்பல் பட்டறை போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெறுவது வொர்க் பெர்மிட். அதை வைத்து பி.ஆருக்கு விண்ணப்பிக்க முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. அங்கே கம்பெனி பி.ஆர். கொடுப்பதில்லை. விண்ணப்பத்தில் தன் பங்குக்குச் சம்பளம், பதவி விவரங்களை உறுதி செய்கிறது, அவ்வளவுதான். முடிவு அரசாங்கத்துடையது.

அரசுக்குக் கட்டும் லெவியும், மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட் தொழிலாளிக்காகக் கட்டும் 5,000 வெள்ளி பிணைத்தொகையும் முதலாளியின் செலவு. அவற்றைச் சம்பளத்தில் பிடிக்க அனுமதி இல்லை. வேலை கொடுத்ததற்காகவோ பெர்மிட்டைப் புதுப்பித்ததற்காகவோ தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்கினால் அது அங்கே குற்றம்.

முதலாளி மூலம் பி.ஆர். உண்மையில் உள்ள நாடுகள்

அமெரிக்காவில் இது மூன்று படிகளாக நடக்கிறது. முதல் படியில் கம்பெனி அந்த வேலைக்கு உள்ளூரில் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதற்காக அரசு நிர்ணயிக்கும் சம்பளத்தைக் கேட்டுப் பெற்று, விளம்பரம் செய்து, வந்த விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டும். இரண்டாம் படியில் அந்தச் சான்றுடன் குடியேற்றத் துறையில் கம்பெனி மனு போடும். மூன்றாம் படியில்தான் தொழிலாளி தமக்கும் மனைவி மக்களுக்கும் கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பிப்பார். 2007 ஜூலை 16 முதல், முதல் படியின் வக்கீல் கட்டணம் உட்பட எல்லாச் செலவையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்பது விதி.

அதற்குப் பிறகும் காத்திருப்பு உண்டு. வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். குடும்பத்தினரும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டைத் தாண்டிப் போகிறது. அதற்குள் பிள்ளைக்கு 21 வயது கடந்துவிட்டால், பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்தே அந்தப் பிள்ளை விடுபட்டுப் போகலாம். எனவே "கம்பெனி கிரீன் கார்டுக்குப் போட்டுவிட்டது" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், எந்தப் படி முடிந்திருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

கனடாவில் வெளிநாட்டவரை எடுக்கும் முதலாளி பல வேலைகளுக்கு எல்.எம்.ஐ.ஏ. என்ற அரசு ஒப்புதலைப் பெற வேண்டும். ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர் கட்டணம். அதை முதலாளியே கட்ட வேண்டும். தொழிலாளியிடம் திரும்ப வாங்கக் கூடாது. அந்த ஒப்புதல் பி.ஆர். அல்ல. முன்பு எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கூடுதல் புள்ளிகள் இருந்தன. அதை நம்பி அந்தக் கடிதத்தையே விற்கும் வியாபாரம் பெருகியது. 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகளைக் கனடா அரசு எடுத்துவிட்டது. அந்தத் தாயின் மகனிடம் ஏஜெண்டு விற்க முயன்றது, புள்ளி மதிப்பே போய்விட்ட ஒரு கடிதத்தை.

ஆஸ்திரேலியாவில் முதலாளி முன்மொழிந்து நிரந்தர விசா பெறும் வழி உண்டு. ஆனால் ஸ்பான்சர்ஷிப்புக்குக் கைம்மாறாகப் பணமோ பலனோ கேட்பதும் பெறுவதும் 2015 டிசம்பர் 14 முதல் அங்கே குற்றம். கொடுக்க முன்வருபவருக்கும் அபராதம் உண்டு, விசாவும் ரத்தாகலாம். கொடுத்தவர் ஏமாந்தவர்தானே என்று அந்தச் சட்டம் விட்டுவிடுவதில்லை.

ஜெர்மனியில் படித்த திறனாளர்களுக்கான புளூ கார்டில் போனவர், அடிப்படை ஜெர்மன் மொழியும் மற்ற தகுதிகளும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம். மொழியில் பி1 நிலை எட்டியவர் 21 மாதத்தில் கேட்கலாம். அங்கே காலத்தைக் குறைப்பது மொழிப் படிப்பு. எட்டு லட்சம் அல்ல.

எது நம் செலவு?

எல்லாச் செலவும் முதலாளியுடையது என்று நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட், மொழித்தேர்வு, சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன், போலீஸ் சான்று, நம் பெயரில் நாம் போடும் விண்ணப்பத்தின் கட்டணம் போன்றவை பொதுவாக நம்முடையவை. அவற்றுக்கு ரசீது இருக்கும். இந்தியாவில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுகள் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் ரூ.30,000-மும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக ரூ.35,400 வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையில் வரும். வளைகுடா, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக முன் அனுமதி தேவை; அத்துடன் ரூ.10 லட்சம் விபத்துக் காப்பீடும் கட்டாயம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர், இந்தப் பாதுகாப்பு அனைத்தையும் நம்மிடமிருந்து கழற்றிவிடுகிறார்.

ஸ்பான்சர் செய்யும் முதலாளிக்கு நாம் செய்ய வேண்டிய உதவி

நேர்மையான கம்பெனி ஒன்று பி.ஆருக்கு முன்வந்து, நம் காகிதங்களால் அது தடைபட்டதும் உண்டு. நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கும் குறைகள் மூன்று.

முதலாவது பெயர். ஒரே பையனுக்குப் பிறப்புச் சான்றில் 'முகமது', பத்தாம் வகுப்பில் 'முஹம்மத்', பாஸ்போர்ட்டில் 'எம்.டி.' என்று சுருக்கம். நமக்கு மூன்றும் ஒரே பெயர். அதிகாரிக்கு மூன்று ஆட்கள். பள்ளியில் சேர்க்கும்போதே ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒன்றாக வையுங்கள்.

இரண்டாவது திருமணப் பதிவு. நிக்காஹ் ஜமாஅத் தஃப்தரில் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி எல்லா மதத்தினரும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ளும் நாளில் கேட்கப்படுவது அந்தச் சான்றுதான்.

மூன்றாவது அனுபவச் சான்று. இருந்த வேலையை எழுதி வாங்குங்கள். இல்லாத வேலையை எழுதி வாங்காதீர்கள். பொய்ச் சான்று ஹராம். பிடிபட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாவதுடன் பல ஆண்டுகளுக்கு அந்த நாட்டுக் கதவே மூடிவிடும். நம்பி ஸ்பான்சர் கொடுத்த முதலாளிக்கும் துரோகம். கஃபீலிடம் நாம் எதிர்பார்க்கும் அமானிதம் நம் பக்கமும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் நாமும் முதலாளிகள்

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கஃபீல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார் என்று குமுறியவர்கள் நம்மில் பலர். இப்போது நம் பிரியாணிக் கடைகளிலும் கறிக்கடைகளிலும் பீகார், அஸ்ஸாம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஓடிவிடக் கூடாது என்று அவர்கள் ஆதார் அட்டையை வாங்கிக் கல்லாவில் பூட்டி வைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது தருகிறேன் என்று இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. நாம் கஃபீலாக இருக்கும் இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதே நமக்குக் கேட்கப்படும் முதல் கேள்வி.

வீட்டில் உட்கார்ந்து பேச ஐந்து கேள்விகள்

1. பணம் கேட்பவர் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு உள்ளவரா? உரிம எண்ணை நம்மிடம் எழுதித் தந்தாரா?

2. கடிதத்தில் வேலையின் பெயர், சம்பளம், வேலை நேரம், கம்பெனி முகவரி நான்கும் இருக்கின்றனவா?

3. கேட்கும் தொகையில் எது நம் செலவு, எது முதலாளியின் செலவு? தனித்தனியே எழுதித் தருவாரா?

4. இந்த விசா நிரந்தர அனுமதிக்கு வழிவிடுமா? எத்தனை படி, எத்தனை ஆண்டு?

5. பையன் போகாமலே போனால், இந்தக் கடனை வட்டியின்றி அடைக்க நமக்கு வழி உண்டா?

குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வெளிநாட்டில் சிக்கலில் இருப்பவர்களுக்காக மத்திய அரசின் 'மதத்' தளத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையிலும் குடும்பத்தினர் இங்கிருந்தே புகார் பதிவு செய்யலாம்.

அந்தத் தாய் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். காவல் துறையில் புகார் எழுதிக் கொடுக்க டிரஸ்ட் துணை நின்றது. கட்டிய ஒன்றரை லட்சம் இன்று வரை திரும்பவில்லை. நகைகளில் ஒன்றைத்தான் இதுவரை மீட்க முடிந்திருக்கிறது. மகன் தன் தொழிலுக்கான பயிற்சியில் சேர்ந்து, மாலையில் ஆங்கிலம் படிக்கிறார். அடுத்த முறை வரும் கடிதத்தை அவரே படித்துப் புரிந்துகொள்வார், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் இருந்தால், பணம் கட்டும் முன் எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். படித்துச் சொல்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

நம் பிள்ளைகள் போகும் இடங்களில் ஹலாலான ரிஸ்க்கையும் நல்ல முதலாளிகளையும் அல்லாஹ் அவர்களுக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்